பெரிய மச்சினனின் குரல்

என் மனைவிக்கு இரண்டு தம்பிகள். பெரியவன் பேருந்துப் பணிமனை ஒன்றில் எழுத்தர். சின்னவன் திரைப்பட இயக்குநர். இந்த இரண்டாவது வாக்கியத்தை நான் அவன் சொன்னபடியே எழுதுகிறேன். மறுப்பதற்கு இப்போது வழியில்லை, ஒரு படத்தை எடுத்து முடித்துவிட்டான்.

சென்னையில் சில ஆண்டுகள் யார் யாரிடமோ உதவி இயக்குநராக இருந்துவிட்டு மதுரைக்குத் திரும்பியவன், இனிமேல் சுயாதீனப் படம்தான் என்று அறிவித்தான். அப்படி என்றால் என்ன என்று கேட்டேன். யார் தயவும் இல்லாமல் எடுப்பது என்றான். அதன்பின் நடந்தவை: என் ஸ்கூட்டர் கதாநாயகனின் வண்டியானது. எங்கள் மாடி அறையில் விளக்குகளும் வயர்களும் அவற்றோடு தாடி வைத்த நான்கு பேரும் குடியேறினார்கள். என் மனைவி அவர்களுக்குப் பொங்கி இறக்கினாள். நான் வேலை பார்க்கும் மிஷன் பள்ளியின் நாற்காலிகளைத் தலைமையாசிரியரிடம் கெஞ்சி வாங்கிக் கொடுத்தவன் நான். படத்தின் தொடக்கத்தில் நன்றி என்று ஓடும் பெயர்களைப் பார்த்தால் எங்கள் சர்ச் பங்குக் குடும்பங்களின் முகவரிப் பட்டியல் மாதிரி இருக்கும். யார் தயவும் இல்லை.

கதையை எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டே சொன்னான். அண்ணன், தம்பி. அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ரைஸ் மில்லைக் கொள்ளையடிக்கத் திட்டமிடுகிறார்கள். உள்ளே போய் இரும்புப் பெட்டியை உடைத்தால் காலி. எவனோ முன்பே காட்டிக்கொடுத்துவிட்டான். ஓடுகிறார்கள். சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் ஒளிகிறார்கள். ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகம். கடைசியில் தம்பி அண்ணனைக் கொன்றுவிடுகிறான். இதைச் சொல்லும்போது இரண்டு கையையும் சட்டம்போல் மடக்கிக் கண் முன்னால் வைத்துக்கொண்டு என் மனைவியையும் அலமாரியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இதுல அரிவாளே கிடையாது மச்சான்," என்றான். "மதுரைன்னா அரிவாள்னு ஆக்கி வச்சிருக்காய்ங்க. நான் அதை உடைக்கிறேன்."

அப்புறம் எதால் கொல்கிறான் என்று கேட்டேன். மண்வெட்டி என்றான். எங்கள் ஊரின் மானத்தை இப்படித்தான் மீட்டார்கள்.

தம்பியாக அவனே நடிப்பான். அண்ணனாக நடிக்க ஒரு முகம் வேண்டும், நடிப்பே தெரியாத முகம், என்று ஊரெல்லாம் தேடிவிட்டு, கடைசியில் சொந்த அண்ணனிடமே வந்தான். சம்பளம் கேட்காத முகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பெரியவனுக்கு இதில் ஆசையே இல்லை. பணிமனை, வீடு, ஞாயிற்றுக்கிழமை கோயில், இவ்வளவுதான் அவன் வாழ்க்கை. கோயிலில் பூசையின்போது அவன்தான் பைபிள் வாசகம் வாசிப்பான். ஒரு சொல்லை முழுதாக முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவான். மைக் கெட்டுப்போன நாளிலும் கடைசிப் பெஞ்சு வரை கேட்கும். அவன் வாசித்தால் குழந்தைகள் அழுகையை நிறுத்துகின்றன என்று எங்கள் பங்குத்தந்தையே சொல்லியிருக்கிறார். அவர் பிரசங்கத்துக்கு அந்த ராசி கிடையாது.

ஆசை அவர்கள் அம்மாவுக்கு. என் அத்தை. சர்க்கரை நோயில் கண் போய்விட்டது, பெரியவனோடுதான் இருக்கிறார். தொலைக்காட்சித் தொடர்களை விடாமல் 'கேட்கிறார்'. ஒரு நடிகைக்குக் குரல் கொடுப்பவர் மாறினால் அன்றைக்கே சொல்லிவிடுவார்: இது அந்தப் பிள்ளை இல்லை, வேற யாரோ பேசுது. அத்தை பெரியவனிடம், ரெண்டு பேரும் சேர்ந்து பேசுவதை ஒரு படத்தில் கேட்டுவிட்டால் போதும் என்று சொன்னார். ரெண்டு பேரும் ஒருவரோடொருவர் உட்கார்ந்து பேசி ரொம்ப காலம் ஆகியிருந்தது. வீட்டில் கேட்க முடியாததைச் சினிமாவிலாவது கேட்கலாம் என்று நினைத்திருப்பார்.

அதனால் பெரியவன் ஒப்புக்கொண்டான். ஒரே ஒரு நிபந்தனை. எங்கள் வீட்டில், என் முன்னால் வைத்துச் சொன்னான்.

"நடிக்கிறேன்டா. ஆனா என் குரல்தான் இருக்கணும். அம்மா பார்க்காது, கேக்கத்தான் செய்யும்."

"என்னாண்ணே இது, உன் குரலை விட்டுட்டு எவன் குரலை வைக்கப் போறேன்?" என்றான் சின்னவன். அத்தை மேல் ஆணை என்று அவனாகவே சேர்த்துக்கொண்டான். யாரும் கேட்கவில்லை.

படப்பிடிப்பில் எனக்கும் ஒரு வேலை கொடுக்கப்பட்டது. நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன், எதையும் ஒழுங்காகக் கவனிப்பவன் என்பதால், ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையில் சட்டைப் பொத்தான், கைக்கட்டு, வியர்வை எல்லாம் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். மாறியதையெல்லாம் சொன்னேன். மில்லில் வலக்கையில் இருந்த கட்டு ஆற்றங்கரையில் இடக்கைக்குப் போனதைச் சொன்னேன். ஆடியன்ஸ் அதையெல்லாம் பார்க்க மாட்டார்கள் என்று பதில் வந்தது. பார்க்காத ஆடியன்சுக்கு எதற்குப் படம் என்று நான் கேட்கவில்லை. அவன் அக்காவுக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

பெரிய கூத்து சோழவந்தானில். கதைப்படி அண்ணனும் தம்பியும் கனமான பூட்ஸ் போட்டிருப்பார்கள். அதற்காக டவுன்ஹால் ரோட்டில் தேடி அலைந்து வாங்கியது. கொடிக்கால் வாசலில் தோட்டத்துக்காரர் நின்றுகொண்டார். வெற்றிலைக் கொடிக்காலுக்குள் செருப்புக் காலோடு யாரும் நுழைவதில்லை. அது அங்கே சட்டம் மாதிரி. கூலிக்கு வருகிறவர்களும் வெளியே கழற்றிவிட்டுத்தான் போவார்கள். இது தெரியாமல் ஒருவன் கொடிக்காலில் உச்சக்காட்சி வைத்துக் கதை எழுதியிருக்கிறான், அதுவும் சோழவந்தானிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்தவன்.

சின்னவன் அவரிடம் கலை, யதார்த்தம் என்றெல்லாம் பேசினான். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க கொலைகூடப் பண்ணிக்கிடுங்க தம்பி. செருப்பைக் கழட்டிட்டுப் பண்ணுங்க."

கழற்றினார்கள். ஆகவே படத்தில் கொள்ளைக்காரர்கள் பூட்ஸோடு ஆற்றங்கரையில் ஓடி, அடுத்த நொடி வெறுங்காலோடு கொடிக்காலுக்குள் நுழைகிறார்கள். போலீஸ் துரத்தும்போது நின்று நாடாவை அவிழ்த்தார்களா என்பதைப் படம் சொல்வதில்லை. பிற்பாடு யூடியூபில் விமர்சனம் சொல்லும் ஒருவர், மண்ணுக்குத் திரும்பும் மனிதனின் நிர்வாணம் அந்தப் பாதங்களில் தெரிகிறது என்றார். சின்னவன் அதை எனக்கு அனுப்பினான். அதன்பின் அவனே பேட்டிகளில் அந்தப் பாதங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தான், ஆறு மாதம் யோசித்து வைத்தது போல. தோட்டத்துக்காரர் பேரை நன்றிப் பட்டியலில்கூடப் போடவில்லை.

படப்பிடிப்பு முடிந்ததும் பெரியவன் குரல் பதிவுக்காகக் காத்திருந்தான். எடுக்கும்போது பதிவாகிற சத்தத்தை வைத்துக்கொண்டு, பிறகு ஸ்டுடியோவில் உட்கார்ந்து வாயசைவுக்கு ஏற்றாற்போல் மறுபடி பேச வேண்டும், அதுதான் டப்பிங். அவன் வசனங்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தான். காய்கறி வாங்கப் போகும்போதும் உதடு அசையும். பணிமனையில் விடுப்புக்குச் சொல்லி வைத்தான். அடுத்த வாரம் என்றார்கள், பிறகு அதற்கடுத்த வாரம். கடைசியில் சின்னவன் போனில், ஷூட்டிங்கில் எடுத்த சவுண்டே அம்புட்டுச் சுத்தமாக இருக்கிறது, டப்பிங்கே தேவையில்லை என்று சொல்லிவிட்டான். பெரியவன் நம்பினான். எனக்குச் சந்தேகம்தான். ஜெனரேட்டர் என் காதுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கொடிக்காலில் ஒரு மயில் நாங்கள் ஆக்‌ஷன் சொல்லும்போதெல்லாம் அகவியது. ஆனால் எனக்குத் தெரியாத நுட்பம் ஏதாவது இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

முதல் திரையிடல் எங்கள் பங்கு மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்குப் பிறகு. என்ன மாதிரிப் படம் என்று பங்குத்தந்தை கேட்டபோது, சகோதர அன்பு பற்றியது என்று சின்னவன் சொல்லியிருக்கிறான். அவரும் அன்பைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு முன் வரிசையில் உட்கார்ந்தார், பாவம். ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டியிருந்தது. மின்விசிறிகள் சத்தம் என்று அவற்றையும் நிறுத்தினார்கள். சென்னையிலிருந்து இரண்டு விருந்தினர்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு மட்டும் ஒரு மேசை விசிறி.

அத்தை எனக்கும் என் மனைவிக்கும் நடுவில். நல்ல புடவை உடுத்தியிருந்தார். பெரியவன் எங்களுக்குப் பின் வரிசையில்.

படம் தொடங்கியது. முதலில் தம்பி பேசுகிறான். சின்னவனின் சொந்தக் குரல், தெளிவாக. அத்தை என் கையைத் தட்டி, சின்னவன் என்றார். பிறகு திரையில் பெரியவன் வாயைத் திறந்தான். உள்ளேயிருந்து வேறொருவன் பேசினான்.

கரகரத்த, மூக்கடைத்த குரல். அதுகூடப் பரவாயில்லை. "ஏலேய், என்னலே சொல்லுதே" என்றான். இந்தப் பேச்சைக் கேட்க வேண்டும் என்றால் மதுரையிலிருந்து பஸ் ஏறி, விருதுநகர் தாண்டி, கோவில்பட்டி தாண்டிப் போக வேண்டும். அலங்காநல்லூரில் பிறந்து வளர்ந்ததாகக் கதை சொல்லும் அண்ணன் தம்பியில், தம்பி மதுரைத் தமிழ் பேசுகிறான், அண்ணன் திருநெல்வேலித் தமிழ் பேசுகிறான். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். மண்டபத்தில் பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. ஞாயிறுதோறும் அந்த வாயிலிருந்து வாசகம் கேட்டவர்கள் அல்லவா. யாரோ, "என்னாடா அண்ணனுக்குப் பேய் புடிச்சிருச்சா" என்றார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியவன் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

அத்தை கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்து, தொடர் கேட்கும்போது இருப்பது போல. கொள்ளைத் திட்டம் முடிந்து, மில்லுக்குள் போய், பெட்டியை உடைத்து, காலி என்று கண்டுபிடித்து, இரண்டு பேரும் வெளியே ஓடிவந்த பிறகு, என் மனைவி பக்கம் குனிந்து கேட்டார்.

"பெரியவன் எப்ப வருவான்?"

மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் பின் வரிசைக்குக் கேட்டது.

என் மனைவி, இப்ப வந்துருவான்மா என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இடைவேளையில் டீயும் சமோசாவும் கொடுத்தார்கள். பெரியவன் மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி அருகே நின்றிருந்தான். நானும் போனேன். சின்னவன் எங்களைத் தேடி வந்தான், அடி வாங்கத் தயாராக வருகிறவனைப் போல் அல்ல. பாராட்டு வாங்க வருகிறவனைப் போல. அண்ணன் கேட்பதற்கு முன் அவனே விளக்கினான். அண்ணன் குரல் நல்ல குரல்தான், ஆனால் ரொம்பச் சுத்தமாக இருக்கிறது, பூசையில் வாசிப்பது மாதிரி. படத்தை வாங்கப் போகும் சென்னைக்காரர்கள், இந்த ஆள் மதுரைக்காரன் மாதிரி இல்லையே என்று சொன்னார்களாம். மண் வாசனை வேண்டுமாம். அதனால் அங்கேயே ஒரு டப்பிங் கலைஞரைப் பிடித்துப் பேச வைத்தானாம். அந்தக் கலைஞர் எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னான். ஊரே இல்லை, சென்னையில் ஒரு தெரு.

மதுரையிலேயே பிறந்து, மதுரையிலேயே வேலை பார்த்து, இரண்டு நாளுக்கு மேல் இந்த ஊரை விட்டுப் போகாத ஒருவன் மதுரைக்காரன் மாதிரி இல்லை என்று சென்னையில் தீர்மானித்திருக்கிறார்கள். அதைக் கூடப்பிறந்தவன் நம்பியிருக்கிறான்.

பெரியவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் டீயைக் குடித்து முடித்தான். டம்ளரைத் தொட்டியின் விளிம்பில் வைத்தான்.

"அம்மாகிட்ட என்ன சொல்லட்டும்?"

"படம் முடியட்டும்ணே, நானே பக்குவமாச் சொல்றேன். கிளைமாக்ஸைப் பாரு, வசனமே கிடையாது. வெறும் மௌனம். ஆடிப்போயிருவாய்ங்க."

பெரியவன் உள்ளே போனான். அக்காவை எழுப்பிப் பின் வரிசைக்கு அனுப்பிவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

இரண்டாம் பாதியில் திரையில் அவன் வாய் அசையத் தொடங்கியதும், இங்கே அவன் அம்மாவின் காதருகே குனிந்து தன் வசனங்களைப் பேச ஆரம்பித்தான். ரகசியக் குரலில், ஆனால் அவன் வழக்கப்படி, ஒவ்வொரு சொல்லையும் முடித்து. வாயசைவு தவறவில்லை. அந்தச் சென்னைக்காரன் 'வாலே போவோம்' என்ற இடத்தில் இவன், "வாடா, போயிருவோம்," என்றான். தம்பியின் குரல் மண்டபத்து ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. அண்ணனின் குரல் எனக்கு ஒரு கை தூரத்திலிருந்து. அத்தை சட்டென்று நிமிர்ந்தார். அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டியா," என்றார். அவனிடமா, திரையிடமா என்று எனக்குத் தெரியவில்லை.

கொடிக்காலுக்குள் அண்ணனும் தம்பியும் ஒளிந்திருக்கும் காட்சி நீளமானது. சின்ன வயதில் ஒரே சைக்கிளுக்கு அடித்துக்கொண்டதைப் பேசுவார்கள். எனக்கு அந்தக் காட்சி எடுக்கும்போது அலுப்பாக இருந்தது. எழுதியவனுக்கும் வேறு கற்பனை இல்லாததால் தன் வீட்டுக் கதையையே எழுதியிருந்தான். அத்தை அதற்கு வாய்விட்டுச் சிரித்தார். முன் வரிசையிலிருந்து ஒருவர் உஷ் என்று திரும்பினார். பெரியவன் அம்மாவுக்குப் பேசிக்கொடுப்பதைப் பார்த்துவிட்டு, மறுபடி திரும்பிக்கொண்டார். சுற்றி இருந்த சிலர் திரையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் காதைக் கொடுத்தார்கள்.

பிறகு அந்தக் கடைசிக் காட்சி. வசனம் இல்லாதது. தம்பி பின்னாலிருந்து வருகிறான், கையில் மண்வெட்டி, வெறுங்கால். வயலின் ஓலமிடுகிறது. அடி விழுகிறது. அண்ணன் கொடிகளைப் பிடித்துக்கொண்டு சரிகிறான். அந்தக் கரகரத்த குரல் ஒரே ஒரு முறை, மண்டபம் அதிர, "அம்மா" என்று கத்தியது.

அத்தை திடுக்கிட்டார். "யாருடா அது, அம்மாங்கிறது?"

பெரியவன் திரையைப் பார்த்தான். அவனே அங்கே வாயைத் திறந்தபடி செத்துக்கொண்டிருந்தான்.

"வாட்ச்மேன்மா," என்றான். "மில்லு வாட்ச்மேன்."

"செத்துட்டானா?"

"ஆமா."

"நீங்க ரெண்டு பேரும்?"

"நாங்க தப்பிச்சுட்டோம்மா. ஆத்தைத் தாண்டிப் போயிட்டோம்."

அத்தை சாய்ந்து உட்கார்ந்தார். திரையில் சின்னவன் அண்ணனின் பிணத்துக்கு அருகே உட்கார்ந்து நீண்ட நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சொன்ன அந்த மௌனம். படம் முடிந்து விளக்குகள் போட்டார்கள். சென்னை விருந்தினர்கள் கைதட்டினார்கள். பங்குத்தந்தை யாரையும் பார்க்காமல் வெளியேறினார்.

சின்னவன் வாக்குக் கொடுத்தபடி அம்மாவிடம் பக்குவமாகச் சொல்ல வந்தான். முன்னால் மண்டியிட்டான், பக்கத்தில் ஒருவர் போட்டோ எடுத்தார். அவன் ஆரம்பிப்பதற்குள் அத்தை அவன் தலையைத் தடவிப் பிடித்து, "முன்னாடி பாதி என்னமோ போல இருந்துச்சு. பின்னாடி பெரியவன் வந்த பெறகு நல்லா இருந்துச்சு," என்றார். "அண்ணனைக் கடைசில காப்பாத்திக் கூட்டிட்டுப் போயிட்டியே, அது போதும்டா."

சின்னவன் அண்ணனைப் பார்த்தான். பெரியவன் அம்மாவின் செருப்பைத் தேடி எடுத்து அவர் காலில் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தான். நாட்கணக்கில் யோசித்த உச்சக்காட்சி, மண்வெட்டி, மௌனம் எல்லாம் அங்கே அந்த நாற்காலி வரிசையில் இல்லாமல் போய்விட்டன. ஆனாலும் அவன் மறுத்துச் சொல்லாமல் அம்மா எழுந்திருக்கக் கை கொடுத்தான். எனக்கு அவன்மேல் கொஞ்சம் மதிப்பு வந்த ஒரே நிமிடம் அதுதான், அதையும் அவன் சாமர்த்தியமாகச் சீக்கிரமே கெடுத்துக்கொண்டான்.

சில மாதங்களில் படத்தை ஏதோ ஒரு வெளிநாட்டு விழாவுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே தேர்வுக் குழுவில் தமிழ் தெரிந்த ஒருவர் இருந்திருக்கிறார். அண்ணன் குரல் வாய்க்கும் ஒட்டவில்லை, ஊருக்கும் ஒட்டவில்லை, மாற்றி அனுப்பினால் பார்க்கிறோம் என்று எழுதிவிட்டார். சின்னவன் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தான். அண்ணன்தான் பேசித்தர வேண்டுமாம், நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டுமாம். அண்ணனின் இயல்பான குரலுக்கு ஈடே இல்லை என்று என்னிடமே விளக்கினான். ஒரு கடிதத்தில் கிடைத்த ஞானம். இருபது முப்பது வருஷம் கூடவே வளர்ந்து கிடைக்கவில்லை.

பெரியவனைக் கூப்பிட்டேன். வேலை முடிந்து அப்படியே வந்தான், தோளில் சாப்பாட்டுப் பையோடு. தம்பி சொன்னதையெல்லாம் கேட்டான். கோபம் இருப்பதாகத் தெரியவில்லை.

"எல்லா வசனமும் பேசணுமா?"

"எல்லாந்தாண்ணே. ரெண்டு நாள் வேலை."

"கடைசில கத்துறதும்?"

சின்னவனுக்கு முதலில் புரியவில்லை. "ஆமா, அதான மெயின்."

"அப்ப முடியாதுடா. அதை என் குரல்ல கத்துனா அம்மா கண்டுபுடிச்சிரும். போன்ல போட்டுக் காட்டுங்கும், எங்கயாவது டிவில வரும். நான் செத்தேன்னு தெரிஞ்சிரும். நீதான் கொன்னேன்னும் தெரிஞ்சிரும்."

"அண்ணே, அது படம்ணே. அம்மாவுக்குத் தெரியாதா?"

"தெரியும். இருந்தாலும் கேக்க வேணாம்."

சின்னவன் இன்னும் கொஞ்ச நேரம் பேசினான். விழா, வாய்ப்பு, எதிர்காலம் என்றான். கடைசிக் கத்தலை மட்டும் அந்தச் சென்னைக்காரன் குரலிலேயே விட்டுவிடலாமா என்றும் கேட்டான். படம் முழுக்க ஒருவன் பேசி, சாகும்போது மட்டும் இன்னொருவன் கத்துவது. சொல்லும்போதே அவனுக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்தினான். முடிவை மாற்றலாமே, அண்ணனை உயிரோடு விட்டுவிடேன் என்று என் மனைவி அடுப்படியிலிருந்து சொன்னாள். அதற்கு அவன், அப்படியென்றால் படமே இல்லை அக்கா என்றான். மண்வெட்டி இல்லாமல் அவனால் அண்ணனைப் பற்றி ஒரு கதை யோசிக்க முடியவில்லை.

"அப்ப விடு," என்றான் பெரியவன். அக்காவிடம் காபி வாங்கிக் குடித்துவிட்டு, அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கும் நேரம் என்று கிளம்பினான்.

படம் விழாவுக்குப் போகவில்லை. இணையத்தில் ஒரு மூலையில் அந்த மூக்கடைத்த குரலோடு கிடக்கிறது. பார்த்தவர்கள் மண் வாசனை என்று எழுதியிருக்கிறார்கள். அத்தை மட்டும் இன்றைக்கும் கோயில் வாசலில் யார் கேட்டாலும், பிள்ளைகள் ரெண்டு பேரும் ஆற்றைத் தாண்டித் தப்பிச்சுப் போயிட்டாங்க, வாட்ச்மேன்தான் பாவம் என்று சொல்கிறார். கேட்பவர்களில் பாதிப் பேர் அன்று மண்டபத்தில் படத்தைப் பார்த்தவர்கள். ஆமாம்மா, பாவம் என்கிறார்கள்.